தலைக்கு மேலே ஒரு லைட் – மலிவு பூம் ஆர்ம் வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த வருஷம் மட்டும் நாலு பேர் போன் செய்து கேட்டுவிட்டார்கள். "கேமரா லைட்டுக்கு மலிவா, நல்லதா ஒரு பூம் ஆர்ம் சொல்லுங்களேன்." நான் ஒன்றும் போட்டோகிராபர் இல்லை. பெர்த்தில் வார நாட்களில் பொட்டி தட்டி ஆணி பிடுங்குகிறவன். சனி ஞாயிறில் நம்ம மக்கள் வீட்டு வளைகாப்பு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று யார் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவன். கூலி, வயிறு நிறையச் சாப்பாடு. அந்தத் தகுதியில்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் பேசித் தொண்டை வற்றிவிட்டது. மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்கிறவர்களுக்குச் சுட்டி கொடுத்துவிடலாம் :-)

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு விசேஷத்துக்கும் சமையல் வீடியோவுக்கும் பூம் ஆர்ம் தேடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை. நிஜமாகத் தேவைப்படுகிற மிச்சப் பேர், ஆர்முக்குப் போடுகிற காசைவிட அதைத் தாங்குகிற காலுக்கும் எடைக்கும் அதிகம் போட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யூட்யூப் இல்லை. கேமராவைக் கையில் தொடாத எங்க நைனா.

பூம் ஆர்ம் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காக நாலு வரி. சாதாரண லைட் ஸ்டாண்ட் நேராக நிற்கும், உச்சியில் லைட் இருக்கும். ஆளுக்கு நேர் மேலே லைட் வேண்டுமென்றால் ஸ்டாண்டையும் ஆளுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கும், அது போட்டோவில் விழும். அதற்காக ஸ்டாண்டின் தலையில் குறுக்கே ஒரு நீளக் குழாயைப் பொருத்துவார்கள். குழாயின் ஒரு முனையில் லைட், மறுமுனையில் எடை. ஸ்டாண்ட் ஓரமாக ஒதுங்கி நிற்கும், லைட் மட்டும் தலைக்கு மேலே போய் நிற்கும்.

ஊரில் துலாக் கிணறு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நடுவில் ஒரு கால், குறுக்கே ஒரு மரம், ஒரு பக்கம் சால், மறுபக்கம் கல். அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், துலாவுக்குக் கீழே யாரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதில்லை. பூம் ஆர்முக்குக் கீழே உட்காருவது நம்ம அம்மா, நம்ம குழந்தை.

கொஞ்சம் கொசுவத்தி

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீட்டில். பெயர் நந்தி மலைக் கோட்டையின் பெயர். மலை இருப்பதோ சிக்பள்ளாப்பூர் பக்கம். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது போல, சுரங்கத்துக்கு வைத்துவிட்டார்கள். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்ததிலிருந்து 2001-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடுகிறவரை வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து போன நம்ம ஜனங்கள்தான் பூமிக்கடியில் பெரும்பாலும் வேலை செய்தார்கள். கடைசிவரை ஓடிய மூன்று சுரங்கங்களில் நந்திதுர்க்கும் ஒன்று. மற்ற இரண்டும் சாம்பியன் ரீஃபும் மைசூர் சுரங்கமும். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள்.

லைட்டைப் பற்றிய பதிவு என்பதால் ஒரு உபரித் தகவல்: 1902-லேயே சிவனசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து கம்பி இழுத்து எங்கள் ஊர்ச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு வந்துவிட்டார்கள். பெங்களூர்த் தெருக்களில் கரண்ட் விளக்கு எரிந்தது அதற்குப் பிறகுதான். கேஜிஎஃப் படம் பார்த்துவிட்டு "உங்க ஊரு அப்படியா?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நைனா சுரங்கத்துக்குள் டிம்பர்மேன். பாறையை வெடித்துத் தோண்டிய இடத்தில் கூரை இடிந்து விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. எங்கள் ஊர்ப் பாறை சும்மா இருக்காது. ஆழம் போகப் போக அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடிக்கும், 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே லைனில் பாத்திரங்கள் ஆடும். அம்மா கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். பக்கத்து வீட்டு அத்தையும் வந்து நிற்பாள். யாரும் பேச மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் அடுப்பு மறுபடி எரியும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு உருப்படியாக ஒரு போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எடுத்ததை ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி அழித்துவிட்டது. மிச்சம் இருந்தது கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிற தபால்தலை அளவுப் படம். அதிலும் பாதி முகத்தின் மேல் ரப்பர் ஸ்டாம்ப். இங்கே ஊரில் இருக்கிற எல்லார் வீட்டுத் தாத்தா பாட்டியையும் அழகழகாகப் படம் எடுத்துக் கொடுத்த எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது நைனாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சுரங்கத் தூசு நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அம்மா அப்பா கல்யாணத்துக்கு 50 வருஷம் ஆகிறது என்று போன டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது, இந்த முறை ஒழுங்காக ஒரு படம் எடுத்தே தீருவது என்று தீர்மானத்தோடு போனேன்.

பெட்டியில் போன பூம் ஆர்ம்

லைன் வீட்டு முன்னறை பத்துக்குப் பத்து. அதில் கட்டில், பீரோ, டிவி. ஸ்டாண்ட் வைக்க இடமில்லை. சரி, பூம் ஆர்ம்தான் வழி என்று இணையத்தில் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். பெயரை விடுங்கள், இந்த மாதிரி நூறு பெயரில் ஒரே சரக்கு வருகிறது. அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் குமிழ், ஒரு கிலோகூட இல்லை. "அதிகபட்ச எடை 5 கிலோ" என்று போட்டிருந்தது. விமானப் பெட்டியில் சுலபமாக அடங்கியது. ஸ்டாண்டை ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பள்ளிக்கூட நண்பனிடம் இரவல் வாங்கினேன்.

பின்பக்கம் எடை கட்டக் காலிப் பை கொண்டு போயிருந்தேன், மண் ஊரில் கிடைக்கும்தானே. எங்கள் ஊரில் மண்ணுக்கா பஞ்சம்? கண்ணுக்கெட்டிய தூரம் சயனைடு மேடு. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கசடு மலை மலையாகக் கிடக்கிறது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திண்ணையில் இருந்த நைனா, "எங்கடா போற?" என்றார். சொன்னேன்.

"அந்த மண்ண ஊட்டுக்குள்ள எடுத்தாராத."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. காற்றுக் காலத்தில் அந்த மேட்டுத் தூசு தெருத்தெருவாக வந்து இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதை ஒரு பையில் கட்டி அவர் தலைக்குப் பக்கத்தில் தொங்கவிடக் கிளம்பியிருக்கிறேன். பெர்த்தில் இருபது வருஷம் இருந்தால் இப்படியெல்லாம் மறந்து போகும். கொல்லையில் கிடந்த நாலு செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அம்மா பட்டுப்புடவை, நைனா வெள்ளை வேட்டி சட்டை. இரண்டு நாற்காலி. மேலே சாப்ட்பாக்ஸோடு லைட். நான் கேமராவைச் சரி செய்துகொண்டிருந்தேன். நைனா என்னைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அண்ணாந்து லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, தலைக்கு மேல தொங்குது?"

"லைட்டு நைனா."

"லைட்டு தெரியுது. அத்த இன்னா புடிச்சிக்கினு கீது?"

"அந்தத் திருகுதான் நைனா."

"ஒரே ஒரு மரையா?"

எழுந்தார். அம்மாவையும் கையைப் பிடித்து எழுப்பினார். கைத்தடியால் அந்தக் குழாயை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். வேகமாகக்கூட இல்லை, கதவைத் தட்டுவது போலத்தான். குழாய் ஒரு விரற்கடை இறங்கியது. அப்புறம் இன்னொரு விரற்கடை. திருகுக்குள் இருக்கிற ரப்பர் வளையம் வழுக்குகிறது என்று எனக்குப் புரிவதற்குள் மொத்தமும் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி மேல் வந்து இறங்கியது. லைட் கண்ணாடி நொறுங்கி நாற்காலி முழுக்கச் சிதறியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மகள்தான் பயந்து அழுதாள். நைனா ஒரு பழைய கதையைச் சொல்வது போலச் சொன்னார்: "மேல கீறது நிக்கும்னு நீ நம்பக்கூடாது. தட்டிப் பாத்தா அதுவே சொல்லிடும்."

சுரங்கத்தில் அதுதான் முதல் பாடமாம். வெடி வைத்த இடத்துக்குள் நுழைந்ததும் கடப்பாறையால் கூரைப் பாறையைத் தட்டுவார்கள். கணீர் என்றால் பாறை உறுதி. பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே விட்டிருக்கிறது, இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. முப்பது வருஷம் அப்படித் தட்டித் தட்டித்தான் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஏன் விழுந்தது? ஒரு சின்னக் கணக்கு

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான், பயப்படாதீர்கள்.

லைட்டும் சாப்ட்பாக்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. திருகிலிருந்து 1.2 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. 1.5-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1.8. பின்பக்கம் அரை மீட்டர் நீட்டியிருந்தால், சமமாக நிற்க அங்கே 3.6 கிலோ தொங்க வேண்டும். ஆர்மை 1.6 மீட்டருக்கு நீட்டினால் 4.8 கிலோ. லைட்டின் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை, நீளம் ஏறியதும் சுமை ஏறுகிறது. "அதிகபட்ச எடை 5 கிலோ" என்று அட்டையில் போடுகிறவர்கள் எந்த நீளத்தில் என்று போடுவதே இல்லை. நீளம் சொல்லாத எடைக்கு அர்த்தமே கிடையாது. நான் கட்டிய செங்கல் அரைகுறை எடை, மிச்சம் முழுவதையும் அந்த ஒற்றை ரப்பர் வளையம் தாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கணக்கு இன்னும் மோசம். சரியாக எடை கட்டியிருந்தால்கூட லைட் 1.5, பின் எடை 3.6, ஆர்ம் ஒரு கிலோ, ஆக மொத்தம் 6 கிலோவுக்கு மேல். அத்தனையும் ஒரு சாதாரண அலுமினிய ஸ்டாண்டின் தலையில். மூன்று நாலு கிலோவுக்கென்று செய்த ஸ்டாண்டுக்கு அது தாங்குமா? பூம் ஆர்மை மட்டும் விலை பார்த்து வாங்குகிற எல்லோரும் மறப்பது இதைத்தான். ஆர்ம் மலிவு, ஆனால் அது கேட்கிற ஸ்டாண்ட் மலிவில்லை.

மூன்றாவது, கால். ஸ்டாண்டின் மூன்று கால்களும் நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் விரிகிறது என்று வையுங்கள். கால் இருக்கிற திசையில் சாய்ந்தால் 45 சென்டிமீட்டர் பிடிமானம். இரண்டு காலுக்கு நடுவே சாய்ந்தால் அதில் சரிபாதி, 22 சென்டிமீட்டர்தான். அதனால் எப்போதும் ஒரு காலை லைட் இருக்கிற பக்கம் நேராக நீட்டி வையுங்கள். இதற்குக் காசே செலவில்லை, ஆனால் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு கால், ஒரு குறுக்குக் கட்டை

மறுநாள் காலை நான் சோர்ந்துபோய், "ஜன்னல் பக்கம் வெச்சு எடுத்துடலாம் நைனா" என்றேன். அவர் விடவில்லை. அவருக்குள் பழைய டிம்பர்மேன் முழித்துக்கொண்டுவிட்டார். "கூரைய எவனாவது ஒரு கையில தூக்கிப் புடிப்பானாடா? ரெண்டு காலு நடு. குறுக்க ஒரு கட்டையப் போடு. எங்கியும் போவாது."

சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுப்பது அப்படித்தானாம். பக்கத்துக்கு ஒரு மரக்கால், மேலே குறுக்கே ஒரு மரம். நண்பனிடம் இன்னொரு ஸ்டாண்ட் வாங்கினோம், கூடவே பின்னணித் துணி தொங்கவிடுகிற குறுக்குக் குழாய். கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு அறையின் இரண்டு ஓரத்திலும் ஸ்டாண்டை நிறுத்தி, குழாயைக் குறுக்கே போட்டு, நடுவில் லைட்டைக் கட்டினோம். எடை இரண்டு ஸ்டாண்டுக்கும் பாதி பாதி. பின் எடை வேண்டாம், கவிழுமோ என்ற பயம் வேண்டாம். நைனாவே சுற்றி வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். தடியால் தட்டினார். ஆடவில்லை. அதற்கப்புறம்தான் அம்மாவை உட்காரச் சொன்னார்.

படம் எப்படி வந்தது என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது விஷயத்துக்கு.

சரி, என்ன வாங்கலாம்?

1. சமையல் வீடியோ, கோலம், கைவேலை போன்று மேலிருந்து எடுப்பவர்கள்: பூம் ஆர்ம் வேண்டவே வேண்டாம். இரண்டு சாதாரண ஸ்டாண்ட், ஒரு குறுக்குக் குழாய். பின்னணித் துணி செட் என்று மூன்றும் சேர்ந்தே விற்கிறார்கள். ஒரு நல்ல பூம் ஸ்டாண்டைவிட விலை குறைவு. துண்டு துண்டாக இணைக்கிற குழாய் என்றால் முடிந்தவரை குறைந்த துண்டுகளைப் போடுங்கள், நீளம் கூடினால் நடுவில் தொய்யும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள், ஆவியும் எண்ணெயும் லைட்டுக்கும் ஆகாது, சாம்பாருக்கும் ஆகாது.

2. குடும்பப் படம், குழந்தைகள் படம்: முதலில் வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பிளாஷை அடித்துத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்திரேலிய, அமெரிக்க வீடுகளில் கூரை வெள்ளையாகத்தான் இருக்கிறது, அது ஓசியில் கிடைத்த பெரிய சாப்ட்பாக்ஸ். அது போதாதென்றால் ஒரு மோனோபாடின் முனையில் லைட்டை மாட்டி மச்சான் கையில் கொடுத்துவிடுங்கள். உலகத்திலேயே சிறந்த பூம் ஆர்ம் மச்சான்தான். சொன்னால் நகரும், காபி கொடுத்தால் போதும் :-)

3. நிஜமாகவே பூம் வேண்டும், மாதம் நாலு தடவை எடுக்கிறேன் என்பவர்கள்: சி-ஸ்டாண்ட் வாங்குங்கள். சினிமாக்காரர்கள் பயன்படுத்துகிற எஃகு ஸ்டாண்ட். அதோடு 40 அங்குலக் கம்பியும், அதைப் பிடிக்கிற உலோகப் பிடியும் வரும். ஒரு மீட்டர் நீட்டம் வீட்டுக்கு ஏதேஷ்டம். மலிவு ஆர்மைவிட மூன்று நாலு மடங்கு விலைதான். ஆனால் ஸ்டாண்ட், ஆர்ம் இரண்டும் சேர்ந்த விலை அது, உங்கள் பேரன்வரை உழைக்கும். மேத்யூஸ், அவெஞ்சர், கூப்போ என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. நீவர், கோடாக்ஸ் பெயரில் வருவது விலை குறைவு. சி-ஸ்டாண்டைப் பொறுத்தவரை மலிவுப் பெயரானாலும் எஃகு எஃகுதான், நேரில் தூக்கிப் பார்த்து, பிடியை முறுக்கிப் பார்த்து வாங்கினால் தப்பில்லை.

சி-ஸ்டாண்டில் ஒரு சூட்சுமம். குமிழ் உங்களைப் பார்த்து இருக்கும்போது லைட் உங்கள் வலது பக்கம் இருக்க வேண்டும். லைட் கீழே இழுக்க இழுக்கத் திருகு இறுகும். இடது பக்கம் வைத்தால் அதே எடை திருகைக் கழற்றும். மூன்று கால்களில் உயரமான காலை லைட்டுக்குக் கீழே நீட்டி, மண் பையை அந்தக் காலின் மேலேயே தொங்கவிடுங்கள்.

4. ஏற்கெனவே மலிவு ஆர்ம் வாங்கிவிட்டேன், என்ன செய்ய? தூக்கிப் போட வேண்டாம். சின்ன பிளாஷ், ஒரு குடை, அதற்கு மேல் எதையும் மாட்டாதீர்கள். முழுசாக நீட்டாதீர்கள். ஆளுக்கு மேலே வேண்டாம், பின்னாலிருந்து முடிக்கு வெளிச்சம் கொடுக்க, பின்னணிக்கு வெளிச்சம் கொடுக்க என்று ஆள் இல்லாத இடத்துக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

திருகுப் பிடி உலோகமா, பிளாஸ்டிக்கா? உள்ளே பல் பல்லாகக் கடித்துப் பிடிக்கிற வட்டா, வெறும் ரப்பரா? பல் இருந்தால் நல்லது. குழாயைக் கையில் வாங்கி முழுசாக நீட்டி, முனையை விரலால் அழுத்துங்கள். மீன் தூண்டில் மாதிரி வளைந்தால் கீழே வைத்துவிடுங்கள். பின்முனையில் எடை மாட்டக் கொக்கி இருக்கிறதா? ஸ்டாண்டில் உட்காருகிற துளை 16 மில்லிமீட்டர் முளைக்குப் பொருந்துகிறதா? கடைக்காரரிடம் "முழு நீளத்தில் எவ்வளவு தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அதுவே பதில்.

எடைக்குக் காசு கொடுக்காதீர்கள். காலிப் பை வாங்கி இங்கே பன்னிங்ஸில் மண் மூட்டை வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். அவசரத்துக்கு 5 கிலோ பொன்னி அரிசி மூட்டை போதும், நம்ம வீட்டில் அது இல்லாத நாள் உண்டா? இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் சரியாக இரண்டு கிலோ. எதைக் கட்டினாலும் ஊசலாடாமல் குட்டையாகக் கட்டுங்கள். பின் எடை வேறு, காலில் போடுகிற எடை வேறு. முன்னது சமநிலைக்கு, பின்னது கவிழாமலிருக்க. ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். லைட்டை ஒரு மெல்லிய எஃகுக் கயிற்றால் ஸ்டாண்டோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிடுங்கள். நாடக மேடைகளில் தொங்குகிற ஒவ்வொரு விளக்குக்கும் அப்படி ஒரு இரண்டாவது கயிறு இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள்

பிறந்த குழந்தையைக் கூடையில் படுக்க வைத்து நேர் மேலே லைட் வைத்து எடுக்கிற மோகம் நம்மவர்களிடம் நிறைய வந்திருக்கிறது. படம் அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூம் ஆர்ம் மலிவோ, விலை உயர்ந்ததோ, கைக்குழந்தைக்கு நேர் மேலே வைக்காதீர்கள். நமக்கென்றால் சத்தம் கேட்டு விலகத் தெரியும். அதற்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த குழந்தை எந்த விதத்திலும் அழகில் குறைந்ததில்லை. "நாங்க ஜாக்கிரதையா இருப்போம்" என்று சொல்லாதீர்கள். நானும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். அன்றைக்கு நைனா அண்ணாந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் அம்மா.

பணம் மிச்சம் பிடிப்பது தப்பில்லை. நாம் எல்லோரும் அப்படி மிச்சம் பிடித்து வந்தவர்கள்தான். எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் கேள்வி. கேமரா செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். லைட் மலிவில் வாங்கலாம். தலைக்கு மேலே தொங்குவதைத் தாங்குகிற பொருளில் மட்டும் வேண்டாம்.

படம் நன்றாக வந்தது. அம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள், பத்தாவது படத்தில்தான் திறந்தாள். நைனா நேராக கேமராவைப் பார்த்தார், மேலே பார்க்கவில்லை. இருபதுக்குப் பதினாறில் பிரிண்ட் போட்டு ராபர்ட்சன்பேட்டையிலேயே பிரேம் போட்டு மாட்டிவிட்டு வந்தேன். மாட்டி முடித்ததும் கிட்டே வந்து ஆணியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

பி.கு. 1: அந்த மலிவு ஆர்மை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அம்மா கொல்லையில் கொடி கட்டித் துணி காயப் போடுகிறாள். நைலான் புடவை வரைக்கும் தாங்குகிறதாம்.

பி.கு. 2: இரண்டு கால் குறுக்குக் கட்டை முறையில் வேறு ஏதாவது வசதி கண்டுபிடித்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நைனாவிடம் படித்துக் காட்டுகிறேன். தப்பிருந்தால் அவர் சொல்வார்.